கடைமடைக்குக் கட்டிய வாடகை

அண்ணா,

நேற்று மாலை உக்கடம் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நடக்கிறேன், அவ்வளவுதான். கரையோரத் தள்ளுவண்டியில் மக்காச்சோளக் கதிரைக் கரியடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் தடவி ஒரு கதிரை நீட்டி, "சாப்புடுங்கக்கா, நல்லாப் பாலு புடிச்ச கதிருங்க" என்றாள் வண்டிக்காரப் பெண். வாங்கிக்கொண்டேன். கடிக்க முடியவில்லை. பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன ஒரு சோளக்காட்டை நினைத்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காடு உங்கள் தம்பியுடையது. அது ஏன் காய்ந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீங்கள் போனபிறகு இதைப்பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கே எழுதிவிடலாம் என்று நேற்று தோன்றியது.

நாம் முதலில் சந்தித்ததே ஒரு வாடகைத் தகராறில்தான். ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் என் கம்பெனி. பள்ளிக்கூடம், நூல்மில், நகைக்கடை என்று ஊரில் இருப்பவர்களின் இணையதளங்களை ஓட்டிக்கொடுப்பது என் தொழில். அரசாங்க வேலை என்று என்னிடம் இருந்தது உங்கள் பாசன அலுவலகத்தின் தளம் மட்டும். முன்பிருந்த அதிகாரி ஒருவர் ஆசைப்பட்டு ஆரம்பித்தது. பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு பட்டனை அமுக்க வைத்துத் திறந்தார்கள். அந்தப் பந்தலுக்கு ஆன செலவில் தளத்தை நெடுநாள் ஓட்டியிருக்கலாம் என்று அன்றைக்கே நான் முணுமுணுத்தேன்.

அந்தத் தளத்தில் அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வாய்க்காலின் எந்தக் கிளைக்கு என்றைக்குத் தண்ணீர், எத்தனை மணிக்குத் திறப்பு, எந்த மடைக்கு முறை, இவ்வளவுதான் இருக்கும். மேல்மடைக்காரர்களுக்கு அது தேவையே இல்லை, வாசலில் நின்றாலே தண்ணீர் வருவது தெரிந்துவிடும். கடைமடைக்காரர்களுக்குத்தான் அது வேண்டும். வெள்ளகோவில் பக்கத்து ஊர்களில் முறை வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்தால்தான் எல்லாரும் கோயிலில் கூடிப் பேசி, ஆளுக்கொரு மைலாகப் பிரித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் காவலுக்குப் போவார்கள். காவல் இல்லாவிட்டால் நடுவில் இருப்பவர்கள் குழாயைப் போட்டு உறிஞ்சிவிடுவார்கள். கடைசி மடைக்கு ஈரம்கூட வந்து சேராது. இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் டவுன்காரி, எனக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது.

நீங்கள் அந்த அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, "ஏனுங்க அம்மணி, நம்ம சர்வரு எங்கீங்க குடியிருக்கறாரு?" என்று கேட்டீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கும் உங்களுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்தே நான் உங்களுக்கு அம்மணிதான். தளம் நின்றுபோனால் போனில் கூப்பிட்டு, "அவரு எந்திரிச்சிட்டாருங்களா?" என்று விசாரிப்பீர்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் 'ங்க' போடுவார்கள் என்பது தெரிந்ததுதான். இயந்திரத்துக்கும் போட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்த முதல் நாள் உங்கள் கையில் தணிக்கைக்காரர் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் இருந்தது. விஷயம் இதுதான். இணையதளம் புதிதாக உருவாக்கப் பணம் ஒதுக்குகிறார்கள். உருவான பிறகு அதை ஓட்டுவதற்கு, சர்வர் வாடகைக்கு, தளத்தின் பெயரைப் புதுப்பிப்பதற்கு என்று எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒரு காசு கிடையாது. "கல்யாணத்துக்குக் காசு ஒதுக்கறாங்க அம்மணி, மறுநாளு சோத்துக்கு ஒதுக்கறதில்லீங்க" என்றீர்கள். உங்கள் அலுவலகம் வாடகைக் கட்டடத்திலிருந்து சொந்தக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. ஆனால் பழைய பழக்கத்தில் மேலிடத்திலிருந்து வாடகைப் பணம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல், என் பில்லை வாடகைத் தலைப்பில் போட்டுப் பாஸ் பண்ணிவிட்டீர்கள். தணிக்கைக்காரர் பிடித்துக்கொண்டார். சொந்தக் கட்டடத்தில் இருக்கிற அலுவலகம் யாருக்கு வாடகை கட்டுகிறது? வாடகைக்கு எடுத்த இடத்தை நேரில் காட்டவும் என்று கேட்டிருந்தார்.

"இங்க ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குங்ணா. துடைச்சு வெச்சுக் காட்டிரலாம். அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றேன் நான்.

"பொய்யி சொன்னா அதையும் வருசா வருசம் பராமரிக்கோணுமுங்க. அதுக்கும் தலைப்பு இல்லீங்க" என்றீர்கள்.

அந்த வாரமே தணிக்கைக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் பக்கம் கிளம்பிவிட்டீர்கள். நானும் வந்தேன். காங்கயம் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. தணிக்கைக்காரர் சென்னையிலிருந்து வந்தவர், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, எங்கே கூட்டிப்போகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். நீங்கள் பதில் சொல்லாமல் சிரித்தீர்கள். ஜீப் நின்றது உங்கள் தம்பி காட்டில். உங்கள் சாயல்தான் அவருக்கும், ஆனால் கறுத்து இறுகிய உடம்பு. வாய்க்கால் கரையில் நின்று எங்களுக்கு மோர் கொடுத்தார்.

"கண்ணு, அந்தச் சைட்ட இவருக்கு எடுத்துக் காட்டு" என்றீர்கள்.

அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். விரல் வெடிப்பில் மண் இருந்ததால் திரை இரண்டு தடவை கேட்கவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். "வர்ற வெசாழக்கெழம எங்க முறைங்க. நாளைக்குக் கோயல்ல கூடிப் பேசிக்குவமுங்க, யாரு எந்தப் பக்கம் காவலுக்குப் போறதுன்னு" என்றார்.

"இது வரதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று தணிக்கைக்காரர் கேட்டார்.

"மேல இருக்கறவங்க மனசு எப்ப எளகும்னு பாத்துட்டிருந்தமுங்க."

அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "சார், நாங்க வாடகைக்கு எடுத்த எடம் இதுதானுங்க."

அந்த மனிதர் மோரைக் குடித்து முடித்து, வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வரும்போது ஜீப்பில், "நல்ல செலவுதான் சார். ஆனா தப்பான தலைப்பு. இனிமே வாடகையில போடாதீங்க. முறையா மேலிடத்துல கேட்டு வாங்குங்க" என்றார். அப்படியே எழுதியும் வைத்துவிட்டுப் போனார். உண்மையைக் காட்டியதற்குக் கிடைத்த கூலி, இருந்த ஒரே ஓட்டையும் அடைபட்டதுதான். நான் கொதித்துப்போய்ப் பேசினேன். நீங்கள் மட்டும், "அந்தாளு சொன்னது செரிதானுங்க" என்று அவருக்காக வாதாடினீர்கள்.

தனித் தலைப்பு கேட்டு மேலிடத்துக்கு எழுதினீர்கள். பதில் வர வெகுகாலம் ஆயிற்று. புதிய இணையதளம் தேவையெனில் கருத்துரு அனுப்பவும் என்று வந்தது. இருப்பதை ஓட்டக் காசு கேட்டால் புதிதாக ஒன்று செய்துகொள் என்கிறார்கள். அதை என்னிடம் படித்துக்காட்டியபோது நீங்கள் சிரிக்கவில்லை. புதுப்பிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் கட்டிக்கறேங்ணா. அது என்ன பெரிய காசா?" என்றேன்.

"பெருசில்லீங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா தருகிறேன் என்றால் ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார்? நீங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "நீங்க கட்டுனீங்கன்னா, இது ஓசியில ஓடுதுன்னு மேல எழுதிக்குவாங்க. அப்பறம் எந்தக் காலத்துலயும் தலைப்பு வராது. நாளைக்கு நீங்க கடைய மூடிட்டுப் போனா? சர்க்காரு செய்யறதைத் தருமமாச் செஞ்சுபோட்டா, அது தருமமாவே நின்னுபோயிருமுங்க. கடைமடைக்காரங்க எதுக்கு அம்மணி தருமத்தண்ணி குடிக்கோணும்? அவங்களும் வரி கட்டறவங்கதானுங்களே?"

"அப்ப என்னங்ணா பண்றது?"

"நிறுத்திப்போடுங்க."

நிறுத்தினேன். வெறும் திரையாக விட வேண்டாம் என்று நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுத்தீர்கள், 'இத்தளத்தை நடத்தும் செலவுக்கு நிதி ஒதுக்கீடு இல்லாததால் சேவை நிறுத்தப்பட்டுள்ளது' என்று. அரசாங்கத் தளத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதற்காக உங்களுக்கு மெமோ வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனீர்கள்.

ஆனால் வாய்க்கால் யாருக்காகவும் காத்திருக்காதே. தளம் வந்தபிறகு ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டுவதை உங்கள் அலுவலகம் விட்டுவிட்டிருந்தது. இப்போது அலுவலகச் சுவரில் மட்டும் ஒரு தாளை ஒட்டினார்கள். வெள்ளகோவிலிலிருந்து யார் அதை வந்து பார்க்கப்போகிறார்கள்? கடைமடை முறை வருகிற வாரம் நீங்கள் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் தம்பி போன் செய்தார். அவர் குரல் எப்போதும் உரக்கத்தான் கேட்கும். எதிரே இருந்த எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அண்ணா, சைட்டு தொறக்க மாட்டீங்குது. முறை என்னைக்கு? சோளம் கதிரு வாங்கியிருக்குது. உனக்குத் தெரியுமல்லொ?"

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "தெரியும் கண்ணு" என்றீர்கள். பிறகு மெதுவாக, "ஆனாச் சொல்ல மாட்டேன்" என்றீர்கள்.

"ஏன்?"

"உனக்கு நான் இருக்கறேன். பக்கத்தூருக்காரனுக்கு யாரு இருக்கறாங்க?"

எதிர்ப்பக்கம் போன் வைக்கப்பட்டது. நான் உங்களைப் பிடித்து உலுக்காத குறைதான். "எல்லா ஊருக்கும் போன் பண்ணிச் சொல்லிரலாமுங்ணா! நானே பண்றேன்!" என்று கத்தினேன். என் அலுவலகப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "இந்த முறைக்குப் பண்ணலாமுங்க. அடுத்த முறைக்கு? நாமளே பண்ணிட்டிருந்தா சைட்டு இல்லாமயே நடக்குதுன்னு எழுதிப்போடுவாங்க" என்றீர்கள். நான் யாருக்கும் போன் பண்ணவில்லை.

தண்ணீர் வந்தது, நடுவிலேயே போனது. காவலுக்கு ஆள் இல்லாத வாய்க்காலில் வேறென்ன நடக்கும்? உங்கள் தம்பியின் சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. அவருடையது மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் பல பேருடையது.

அடுத்து வந்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவர்கள் காய்ந்த சோளத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் இருந்த அதிகாரிகளின் மேஜைமேல் அதைப் போட்டுவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "அந்தச் சைட்டு நடத்தறதுக்கு எத்தன செலவாகுமுங்க?" அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் எழுந்து தொகையைச் சொன்னீர்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு வந்து வாசலில் நின்றிருந்த ஜீப்புகளின் டீசல் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கோபப்படுவதற்குக்கூட ஒரு பெரிய தொகை வேண்டியிருக்கிறது. அந்தச் சின்னத் தொகையைக் கேட்டு அதிகாரிகள் வெட்கப்பட்டார்கள்.

தலைப்பு வந்தது. 'இணையதளப் பராமரிப்பு' என்று தனியாக, ஆண்டுதோறும். அரசாணை நகலை எடுத்துக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்தீர்கள். நான் இனிப்பு வாங்கிவர ஆள் அனுப்பினேன். நீங்கள் "வந்துருச்சுங்க அம்மணி" என்று சொல்லி உட்கார்ந்தீர்கள், அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். 'எனக்கு அண்ணன்னு யாரும் இல்லீங்க' என்று உங்கள் தம்பி ஊரில் சொல்லிவிட்டாராம்.

அவர் சொன்னதைச் செய்தார். உங்கள் மகள் கல்யாணத்தில் சித்தப்பன் வீட்டார் உட்கார வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அங்கே வேறு யாரையும் உட்கார வைக்க நீங்கள் விடவில்லை. பந்தியில் நீங்கள் இலை இலையாகப் போய் எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், கண் மட்டும் வாசலில் இருந்தது. நீங்கள் ஓய்வு பெற்ற அன்றைக்கும் அவர் வரவில்லை. அடுத்த வருடமே உங்கள் நெஞ்சு நின்றுபோனது. அன்றைக்கு வந்தார். தம்பியாகச் செய்ய வேண்டியதைச் செய்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

உங்கள் மேல் எனக்கும் கோபம்தான், அண்ணா. அதை ஒளிக்க மாட்டேன். ஒரு வார்த்தை, ஒரு தேதி, தம்பியிடம் சொல்லியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? நியாயம் உங்கள் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நியாயத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

இப்போது வருடா வருடம் பில் அனுப்புகிறேன். தள்ளுபடி கிடையாது, ஒருநாள்கூட இலவசம் கிடையாது. புதிதாக வந்திருக்கும் அதிகாரி நல்ல பிள்ளை. "மேடம், இந்த வருசம் மட்டும் சேவையா நெனச்சுப் பண்ணிக் குடுங்களேன்" என்றார். "இல்லீங்க தம்பி, காசு குடுங்க" என்றேன். நான் பேராசைக்காரி என்று அவர் நினைத்திருக்கக்கூடும். நினைத்துக்கொள்ளட்டும்.

நான் எழுத வந்தது வேறு. போன மாதம் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். காலையில் கொஞ்ச நேரம், என் போன் நம்பரோடு ஓர் அறிவிப்பு மட்டும் தெரிய, திறக்காமல் இருந்தது. அப்போது ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, சைட்டு தொறக்கலீங்களே?"

"வேலை நடக்குதுங்க, கொஞ்ச நேரத்துல வந்துரும். நீங்க எந்த ஊருங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார். குரல் எங்கோ கேட்டதாக இருந்தது. சற்றுத் தயங்கிவிட்டு, "நான் கண்காணிப்பாளரோட தம்பிங்க" என்றார்.

அவரே தொடர்ந்தார். "சோளம் போட்டிருக்கறேனுங்க. கதிரு வாங்கியிருக்குது. முறை என்னைக்குன்னு உங்ககிட்ட இருக்குமல்லங்க?"

இருந்தது. என் கண்ணெதிரே, திரையில், அவர் மடையின் பெயரும் தேதியும் நேரமும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லிவிடத்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை, யாரும் கேட்கப்போவதுமில்லை. அந்த வீட்டுக்கு நாம் பட்ட கடனில் ஒரு துளியாவது தீரும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "இன்னும் அரைமணி நேரத்துல எல்லாருக்கும் வந்துருமுங்ணா. அப்பப் பாத்துக்குங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டது. "செரீங்க அம்மணி. எல்லாத்துக்கும் வாரப்ப எனக்கும் வரட்டும்."

அவர் குரலில் கோபம் இல்லை. போனை வைத்துவிட்டு நான் அழுதேன். உங்களைப்போல ஒரு தடவை இருந்து பார்த்தேன், அண்ணா, அரைமணி நேரம்தான். நீங்கள் சாகிறவரை இருந்தீர்கள்.